28 சதவீதம் வட்டி, ஆனா 235 சதவீதம் செலவு: ஓஹாயோ கதை

அமெரிக்காவில் "பேடே லோன்" என்று ஒன்று உண்டு. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க வாங்கும் சின்னக் கடன். சம்பளத் தேதி போட்டு ஒரு செக் கொடுத்தால் கையில் பணம். வழக்கமான கட்டணம், இரண்டு வாரத்துக்கு 100 டாலருக்கு 15 டாலர். பெரிசா தெரியாது. ஆனா வருஷத்தில் இரண்டு வாரங்கள் 26 தடவை வரும். கணக்குப் போட்டால் 390 சதவீதம். நம்ம ஊரில் மாசம் பத்து வட்டி என்றாலே கந்துவட்டி என்கிறோம், அது வருஷத்துக்கு 120 தான்.

மத்திய அரசு இதைத் தடுக்கலையா? ராணுவத்தினருக்கு மட்டும் 2006-ல் 36 சதவீத உச்சவரம்பு வந்தது. மற்றவர்களுக்கு மாநிலச் சட்டம்தான் கதி. அந்தச் சட்டம் எழுதுவது எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஓஹாயோ நல்ல உதாரணம்.

2008-ல் ஓஹாயோ, இந்தக் கடன்களுக்கு 28 சதவீதம்தான் உச்சம் என்றும், குறைந்தது 31 நாள் தவணை தரணும் என்றும் சட்டம் போட்டது. கடன் நிறுவனங்கள் பொது வாக்கெடுப்புக்குப் போயின. சுமார் 64 சதவீத வாக்காளர்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். அத்தோடு முடிஞ்சதுன்னுதானே நினைப்போம்?

கடைகள் மூடலை. புதுச் சட்டத்தை விட்டுவிட்டு, வீட்டு அடமானக் கடனுக்கான பழைய சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கிக்கிட்டாங்க. அதில் வட்டிக்கு வரம்பு உண்டு, ஆனா கட்டணங்களைத் தனியா வாங்கலாம். நீதிமன்றம் வரை போன ஒரு கடனைப் பாருங்க. அசல் 500 டாலர். வட்டி சுமார் 5 டாலர்தான். ஆவணக் கட்டணம் 30, கடன் விசாரணைக் கட்டணம் 10. இரண்டு வாரத்தில் 545 டாலர் கட்டணும். வருஷக் கணக்கில் 235 சதவீதம். 2014-ல் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. சட்டமன்றம் இதைத் தடுக்க நினைத்திருந்தால் சட்டத்திலேயே எழுதியிருக்கணும் என்பதுதான் வாதத்தின் சாரம்.

இன்னொரு வழியும் இருந்தது. கடனை ரொக்கமா தராம செக்கா தருவாங்க. அதே கவுண்டரில் அந்தச் செக்கை மாத்த ஒரு கமிஷன்! செக் மாற்றும் தொழிலுக்குச் சட்டம் வேறு, அதனால் அந்தக் கமிஷன் கடன் வட்டியில் சேராது. பிறகு சில கடைகள், "நாங்க தரகர்தான், கடன் தருவது வேறொருவர்" என்று சொல்லித் தரகுக் கட்டணம் வாங்கின.

பத்து வருஷம் கழித்து, 2018-ல் வந்த சட்டம் வேற மாதிரி யோசிச்சது. 28 சதவீத வட்டி அப்படியே. கூடவே மாசக் கட்டணத்துக்கு ஒரு அளவு. எல்லாவற்றுக்கும் மேல், வட்டியும் கட்டணமும் சேர்ந்து அசலில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 500 டாலர் வாங்கினவர் எத்தனை மாசமானாலும் 300-க்கு மேல் கூடுதலா கட்ட வேண்டியதில்லை. 5,000 டாலருக்குக் குறைவான கடன்களுக்குத் தரகு வேலையும் கூடாது.

இரண்டு சட்டத்திலும் வட்டி எண் 28தான். முதல் சட்டம் "வட்டி" என்ற சொல்லை மட்டும் பிடிச்சது. இரண்டாவது, கடன் வாங்கினவர் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகுதுன்னு பார்த்தது. வட்டிக்கு உச்சவரம்பு என்று எங்கே செய்தி வந்தாலும், அந்த எண்ணுக்குள்ளே எந்தெந்தக் கட்டணம் அடக்கம், யாருக்கெல்லாம் அது பொருந்தும் என்பதை முதலில் பாருங்க.