இரண்டு இணைய இணைப்பு இருந்தும் ஏன் வேகமில்லை?

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் இணையவழி மதிப்பீட்டை எழுதும் நேரத்திலேயே அலுவலகத்தில் எமிஸ் பதிவேற்றமும் நடந்தால், ஒரே இணைப்பு திணறுகிறது. பாதிக்கப்படுவது கேள்வி திரையில் வராமல் காத்திருக்கும் குழந்தை. எங்கள் பள்ளியில் பிராட்பேண்டுடன் 4ஜி மோடம் ஒன்றும் உண்டு. இரண்டையும் லினக்ஸ் கணினியில் செருகியதும் சுமை தானாகப் பிரிந்துவிடுமா? பிரியாது.

லினக்ஸ், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பும்முன் வழித்தட அட்டவணையைப் பார்க்கிறது. முனையத்தில் 'ஐபி ரூட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அது தெரியும். 'டீஃபால்ட்' என்று தொடங்கும் வரியே வெளியுலகிற்கான வழி. அத்தகைய வரிகள் இரண்டு இருந்தால், 'மெட்ரிக்' எண் குறைவாக உள்ளதே பயன்படும். உபுண்டுவில் பொதுவாகக் கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600. ஆகவே இரண்டாவது இணைப்பு சும்மா இருக்கும். கம்பியைப் பிடுங்கினால்தான் அதற்கு வேலை வரும். பழுது மோடத்திற்கு அப்பால் இருந்தால், கணினி அதை அறியாமல் பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும்.

இரு வழிகளுக்கும் எடை கொடுத்து, 3:1 என்பதுபோலப் பகிரவும் முடியும். ஆனால் ஓர் உரையாடலின் பொட்டலங்கள் ஒரே வழியில்தான் செல்லும். எனவே ஒரு காணொலியைத் தரவிறக்கும் வேகம் இரட்டிப்பாகாது. பல கணினிகள் பல தளங்களைப் பார்க்கும்போதுதான் பயன் தெரியும்.

பள்ளிக்கு ஏற்றது, வேலைவாரியாகப் பிரிப்பதே என்பது என் அனுபவம். லினக்ஸ் கருவின் 2.2 பதிப்பிலிருந்தே (1999) இவ்வசதி உள்ளது. மூன்று வலை அட்டைகள் கொண்ட ஒரு பழைய கணினியை நுழைவாயிலாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு அட்டைகள் மோடங்களுக்கு. ஒன்று பள்ளியின் சுவிட்சுக்கு. பிறகு செய்ய வேண்டியவை:

1. இரு மோடங்களுக்கும் வெவ்வேறு முகவரித் தொகுதி தருக. இரண்டும் 192.168.1.1 என்றே இருந்தால் குழப்பம் வரும்.
2. நுழைவாயில் கணினியில் பொட்டலங்களைக் கடத்தும் வசதியையும் முகவரி மாற்றத்தையும் இயக்குக.
3. முதன்மை அட்டவணையின் எண் 254. அதில் பிராட்பேண்டு வழி இருக்கட்டும். 100 என்ற எண்ணில் புதிய அட்டவணை அமைத்து, அதில் 4ஜி மோடத்தை இயல்பு வழியாகச் சேர்க்க.
4. 'ஐபி ரூல்' கட்டளையால், அலுவலகக் கணினியின் முகவரியிலிருந்து வருபவை அட்டவணை 100-ஐப் பார்க்க வேண்டும் என விதி எழுதுக.

இப்போது ஆய்வகம் பிராட்பேண்டிலும் அலுவலகம் 4ஜியிலும் செல்லும். கட்டளையால் செய்த மாற்றங்கள் கணினியை மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும். அமைப்புக் கோப்பில் நிரந்தரமாகப் பதிய வேண்டும். மதிப்பீட்டு நாளுக்கு முன்பே சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

மேல்நிலை கணினி அறிவியல் மாணவர்களுக்கு இது நல்ல செயல்பாடு. ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் 'டிரேஸ்பாத்' கட்டளையை இயக்கி, பொட்டலம் எந்த மோடம் வழியாகப் போகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாடநூலில் படித்த வழித்தடம் கண்ணெதிரே தெரியும்.