பாட்டியின் தே ஓவும் இழுப்பு மருந்தும்

காலை நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் அழைத்தார். "தே ஓ கோசோங் சூடா குடிச்சா இழுப்பு நின்னுடுமாமே, உண்மையா?" பதில் தெரியாமல் பாட்டு போட்டுச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. கேமரன் மலையில் கொழுந்து பறித்த என் பாட்டியும் அதைத்தான் நம்பியிருந்தார்.

போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சுங்கை பாலாஸ் போனேன். 1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் அது. கறுப்புத் தேயிலைக்கு, வாட்டிய கொழுந்தை இயந்திரத்தில் போட்டுக் கசக்குகிறார்கள். பச்சை இலை கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாகிறது. இதைப் புளிக்க வைப்பது என்பார்கள். ஆனால் தோசை மாவைப் போல நுண்ணுயிர் செய்யும் வேலை இல்லை இது. இலைக்குள் பிரிந்து கிடந்த நொதியும் கேட்டசின் என்ற பொருளும் கசங்கியதும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர, நிறமும் சுவையும் பிறக்கின்றன. சூட்டில் காயவைத்ததும் நொதி செயலிழந்துவிடும். பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே சூடு காட்டுவது அதனால்தான்.

ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் இந்த வித்தையை மருந்து ஆய்வாளர்களும் தேடுகிறார்கள். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் என்ற மருந்தின் பெயரிலேயே தேயிலை இருக்கிறது. 1888-இல் ஜெர்மானியர் ஆல்பிரெக்ட் கோசல் அதைப் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்துதான். இன்று அதை ரசாயன முறையில் தயாரிக்கிறார்கள். காஃபீனில் மூன்று மெத்தில் குழுக்கள் உண்டு, தியோஃபிலினில் இரண்டு. கோகோவிலுள்ள தியோபுரோமினிலும் இரண்டுதான், ஆனால் வேறு இடங்களில். எந்த இடத்தில் கழற்றுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக வளாகத்துப் பூப்பாத்தி மண்ணில், காஃபீனையே தின்று வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்று கிடைத்தது. மணி சுப்பிரமணியன், ரயன் சம்மர்ஸ் குழுவினர் அதன் நொதிகளை ஆராய்ந்தார்கள். மெத்தில் குழுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் தனித்தனி நொதிகள் அவை! ஆஸ்துமா மருந்துகளுக்கான மூலப்பொருள்களை இப்படிச் சுலபமாகச் செய்யலாம் என்பது 2011-இல் அவர்கள் சொன்ன நம்பிக்கை.

அப்படியானால் பாட்டி சொன்னது சரியா? பாதி சரி. காஃபீன் மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் கொஞ்சம் தளர்த்தும். நுரையீரல் பரிசோதனைக்கு முன் தேநீர், காப்பி வேண்டாம் என்பது அதனால்தான். ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள தியோஃபிலின் மிகச் சொற்பம். மாத்திரையிலோ அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரலாம். ரத்தத்தில் அளவு பார்த்துத் தர வேண்டிய மருந்து அது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மழை இரவில் மூன்றாவது கோப்பை தே ஓவரை காத்திருந்தோம். தானா ராத்தாவுக்கு வளைவுகளில் வண்டி இறங்கியபோது பாட்டியின் உதடு நீலம் பூத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். அதன் பிறகும் தே ஓவை விடவில்லை. ஆனால் தலையணைக்கடியில் இன்ஹேலர் இருந்தது.

அடுத்த வாரம் நேயரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ சீனி போட்டுக் குடிக்கலாமா?" என்றார்.