கடன் தின்ற கால்

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் மதிப்பெண்ணும்தான் நினைவுக்கு வருகின்றனவா? ‘கென்டக்கி ரூட் ஸீரோ’வில் இரண்டுமே இல்லை. மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கிய இதன் முதல் அங்கம் 2013இல் வந்தது. ஐந்தாவதும் கடைசியுமான அங்கத்துக்கு ரசிகர்கள் 2020 வரை காத்திருந்தார்கள்!

பழம்பொருள் கடையின் லாரி ஓட்டுநர் கான்வே, கடைசிச் சரக்கை ஒப்படைக்க ஒரு முகவரியைத் தேடுகிறார். அங்கே போகும் சாலை பூமிக்கு அடியில் இருக்கிறதாம். வழியில் ஓர் அரசாங்க அலுவலகம். அதில் ஒரு மாடி முழுக்கக் கரடிகள். ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

திரையில் வரும் பேச்சு வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் நம் வேலை. கான்வேயின் நாய்க்குப் பெயர் வைப்பதும் நாம்தான். எதைத் தேர்ந்தாலும் கதையின் போக்கு பெரிதாக மாறாது. ஆனால் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது மாறும். எனக்கு அது போதும்.

காலில் அடிபட்டு சிகிச்சைக்குப் போகிறார் கான்வே. கண்விழித்தால் அந்த இடத்தில் ஒளிரும் எலும்புக்கால்! கட்டணம் கடனாகிறது. அடுத்து ஒரு சாராய ஆலை. அங்கே உழைப்பவர்கள் எல்லாருமே ஒளிரும் எலும்புக்கூடுகள். குடியை விட்டிருந்தவர் ஒரு கோப்பை அருந்த, அதுவும் கடன் கணக்கில் ஏறுகிறது. வீட்டுக்கடனும் கார்க்கடனும் கட்டும் நமக்கு இதற்குப் பொழிப்புரை தேவையில்லை.

நான்காம் அங்கத்தில் எலும்புக்கூடுகள் படகில் வந்து கான்வேயை அழைத்துப் போய்விடுகின்றன. சரக்கை ஒப்படைப்பவர்கள் வழியில் அவருடன் சேர்ந்தவர்கள்தான். அப்போது நாம் ஒரு பூனையாக அவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறோம்.