மூளையின் காவலைக் கடக்கும் மருந்து

சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழும் திருப்பூர்க் குடும்பம் ஒன்றில், ஒருவருக்கு மூளையில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "கீமோ கொடுத்தால் பிழைப்பாரா? வேலைக்குப் போகாமல் எப்படிச் சமாளிப்பது?"

மூளையில் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் ஒரு காவலைப் போன்றது. பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடுவதில்லை. அதனைக் கடந்து செல்லும் சில மருந்துகளில் ஒன்று டெமோசோலோமைடு. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் 1980களில் உருவாக்கிய இம்மருந்தைக் கேப்சூலாக விழுங்கலாம். புற்றுசெல்லின் மரபணுவைச் சிதைத்து, அது பெருகாமல் தடுக்கிறது.

கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி உள்ள 573 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகள் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் இருபத்தாறு பேர். ஆம், பெரும்பாலானோருக்கு இது நோயை முற்றிலும் நீக்குவதில்லை, ஆனால் காலத்தைத் தருகிறது.

வழக்கமாக, அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஆறு வாரங்கள் கதிர்வீச்சோடு தினமும் இம்மருந்து தரப்படும். பிறகு 28 நாட்களுக்கு ஒருமுறை, ஐந்து நாட்கள் மட்டும். எஞ்சிய 23 நாட்கள், குறைந்துபோன இரத்த அணுக்கள் மீண்டும் பெருகுவதற்கான காலம். எனவே ஷிப்டுக்காக இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும், செலவைக் குறைக்க மருந்தின் அளவைக் குறைப்பதும் ஆபத்தானவை. கேப்சூலைத் திறக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருந்து, சந்தா நிபந்தனைகளையும் நிறைவுசெய்த தொழிலாளருக்குப் புற்றுநோய் வந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். இது இரண்டு ஆண்டுகள் வரை நீளலாம். வருமான வரம்புக்குள் உள்ள மற்றக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. காண்ட்ராக்டில் பவர் டேபிள் ஓட்டுபவர்கள், தங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று நலமாக இருக்கும்போதே கேட்டறிவது நல்லது.

நோயாளியைச் சந்திக்கச் செல்லும் நாம், "அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது? கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்போம். அதுவும் ஆறுதலே.