வெள்ளி ஏன் டீக்கோப்பை ஆகவில்லை?

விருத்தாசலத்தில் டீயைக் கையில் வாங்கும்போது இந்தக் கேள்வியைப் பேசுவது பொருத்தம். வெள்ளைக் களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் கோப்பை செய்கிற ஊர் இது. அச்சு தண்ணீரை உறிஞ்சும். உள்சுவரில் மண் ஏடு போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, பிடியை அதே கூழால் ஒட்டி, சூளையில் சுடுவார்கள். இங்கிலாந்துச் சீமான்களிடமோ வெள்ளிக்குப் பஞ்சமில்லை. பீரையும் ஒயினையும் வெள்ளியில் குடித்தவர்கள், டீக்கு மட்டும் ஏன் மண்ணைத் தேடினார்கள்?

முதலில் அந்த வெள்ளிப் பாத்திரங்களைப் பார்ப்போம். டாங்கர்டு என்பது பீருக்கானது. பெரிய கைப்பிடி, கீல் வைத்த மூடி, கட்டைவிரலால் அமுக்கினால் மூடி திறக்க ஒரு நெம்பு. ஒரு கையாலேயே திறந்து குடிக்கலாம். வேட்டைக்குக் கிளம்புகிறவர் குதிரை மேல் இருந்தபடியே குடிக்க, நரித்தலை வடிவத்தில் ஒரு கோப்பை உண்டு. அதற்குப் பாதமே இல்லை. கீழே வைக்க முடியாது, குடித்து முடித்துத் திருப்பித் தர வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் வந்த உருண்டை அடிக் கிண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தட்டாரின் சுத்தியல் பக்கச் சுவரை மெலிதாக்கி, அடியில் கனத்தை விட்டுவைக்கும். சாய்த்துவிட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும்.

இவற்றில் ஊற்றியது பெரும்பாலும் குளிர்ந்த பானம். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்பது அவர்களின் ஸ்டெர்லிங் தரம். 1544 முதல் அதற்குச் சிங்க முத்திரையும் உண்டு. வெள்ளியைப் போல வெப்பத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. பீங்கானைவிட நூறு மடங்குக்கும் மேல். குளிர்ந்த பீருக்கு அது சுகம். கொதிக்கும் டீயை ஊற்றினால் விரலும் உதடும் சுடும்.

அதனால் வெள்ளி கோப்பையைப் பீங்கானுக்கு விட்டுக்கொடுத்து, டீப்பானையாக நிலைத்தது. 1670-இல் பெர்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த வெள்ளி டீப்பானை இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்துப் பானைகளின் கைப்பிடியைக் கவனியுங்கள்: ஒன்று மரத்தில் இருக்கும், அல்லது வெள்ளிப் பிடிக்கும் பானைக்கும் நடுவே மெல்லிய தந்த வில்லைகள் இருக்கும். சூடு கைக்கு வராமல் தடுக்கும் வேலி அது. மின்சாரத்தைத் தடுக்க ஃபியூஸ் கட்டையைப் பீங்கானில் செய்கிறோமே, அதே வேலைதான்.

நம்மவர்கள் உலோகத்தை விடாமலேயே வேறு வழி கண்டார்கள். டம்ளருக்கு வெளியே மடிந்த விளிம்பு. சூடான காபிக்கு மேலே இருக்கும் அந்த விளிம்பைப் பிடித்துத் தூக்கலாம். டபராவில் ஊற்றி ஆற்றலாம். உதடு படாமல் அண்ணாந்தும் குடிக்கலாம்.

பழைய பாத்திரம் எதைப் பார்த்தாலும் எடையையும் விலையையும் பிறகு கேளுங்கள். அதில் எதை ஊற்றினார்கள், எங்கே பிடித்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். வடிவம் பதில் சொல்லும். அப்படிக் கேட்டால், சீமான் வீட்டு வெள்ளித் தட்டாருக்கும் இந்த ஊரில் கோப்பைக்குப் பிடி ஒட்டுகிறவருக்கும் இருப்பது ஒரே கவலை: குடிப்பவர் கை சுடக்கூடாது. அந்தக் கவலைக்குத்தான் என் முதல் மரியாதை.