குன்றோரக் குடியிருப்பும் காட்டுத் தீயும்

சாளரத்தைத் திறந்தால் பசுங்குன்று. வாயிலைக் கடந்தால் மக்கள் உலவி மகிழும் பூங்கா. இத்தகைய இடத்தில் ஒரு வீடு அமைந்துவிட்டால் அதனைப் பெரும்பேறு என்றே கருதுகிறோம். அப்பசுமைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதனை அறிய, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரைச் சற்றே நோக்குவோம்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்கே ஓக்லாந்தும் பெர்க்லியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்விரு நகரங்களுக்கும் பின்னே நீளும் குன்றுத்தொடரில் பரந்த பூங்காக்கள் உள்ளன. இவற்றைப் பேணும் வட்டாரப் பூங்கா அமைப்பு 1934இல் தோன்றியது. அங்கு மழை குளிர்காலத்தில் பெய்யும். இளவேனிலில் செழிக்கும் புல் கோடையில் காய்ந்து சருகாகும். இலையுதிர் காலத்திலோ உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வறண்ட வெங்காற்று வீசும். அதற்கு டயாப்ளோ காற்று என்று பெயர். டயாப்ளோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் சைத்தான் என்பது பொருள். பொருத்தமான பெயர்தான்!

இக்குன்றுகளில் நமக்கு அறிமுகமான மரமொன்றும் உண்டு. 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்த அதே தைல மரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரவணிக ஆசையால் அங்கும் பெருமளவில் நடப்பட்டது. வணிகம் பொய்த்தது, மரங்கள் நிலைத்தன. எண்ணெய்ப் பசை கொண்ட அதன் இலையும், நாராக உரியும் பட்டையும் தீக்கு நல்லுணவு. எரியும் பட்டையைக் காற்று நெடுந்தொலைவு சுமந்து செல்லும்.

1991 அக்டோபர் 19ஆம் நாள் குன்றுச் சரிவில் ஒரு சிறு புல்தீ எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் அதனை அடக்கினர். ஆயினும் சருகின் அடியில் கனல் உறங்கிக் கிடந்தது. மறுநாள் ஞாயிறு முற்பகல் வெங்காற்று வீச, அக்கனல் விழித்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 790 கட்டடங்கள் எரிந்தன. எட்டு வழி நெடுஞ்சாலையையும் தீ தாண்டியது. குறுகி வளைந்த தெருக்களில் தப்பியோடுவோரின் கார்கள் ஒருபுறம், மேலேறும் தீயணைப்பு வண்டிகள் மறுபுறம் என வழி அடைபட்டது. மின்சாரம் அறுந்ததால் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்ற இயலவில்லை. உதவிக்கு விரைந்த பிற ஊர் வண்டிகளின் குழாய்கள் ஓக்லாந்தின் தெருக் குழாய்முனைகளில் பொருந்தவில்லை, அளவு வேறு! 25 உயிர்கள் மாண்டன. 3,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன.

பழியைப் பூங்காவின் மீதும் தைல மரத்தின் மீதும் சுமத்துவது எளிது. ஆனால் அது பாதி உண்மையே என்பது நம் கருத்து. காட்டுத் தீ சுவர்போல் நகர்ந்து வந்து வீடுகளை விழுங்குகிறது என்று எண்ணுகிறோம். ஜாக் கோஹன் முதலிய வனத்துறை ஆய்வாளர்கள் கண்டறிந்தது வேறு. தீ வருமுன்னே பறந்து வரும் கங்குகளே பெரும்பாலும் வீட்டைக் கொளுத்துகின்றன. கூரை இடுக்கில் தங்கிய சருகு, சுவரோரம் அடுக்கிய விறகு, சாளரத்தின் கீழ் வளர்ந்த புதர் இவற்றில் ஒரு கங்கு விழுந்தால் போதும். பின்பு எரியும் வீடே அடுத்த வீட்டுக்குக் கொள்ளியாகிறது. 2018இல் அதே மாநிலத்தின் பாரடைஸ் என்னும் ஊர் எரிந்தபோது, வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, அருகே பல மரங்கள் பச்சையாகவே நின்றன.

இப்பாடம் ஓக்லாந்துக் குன்றுகளுக்குப் புதிதன்று. 1923 செப்டம்பரில் குன்றுக்கு அப்பாலிருந்து வந்த தீ, பெர்க்லியில் ஏறத்தாழ 580 கட்டடங்களை அழித்தது. மரச்சில்லு வேய்ந்த கூரைகளே அன்று தீயைப் பரப்பின. அத்தகைய கூரைகளைத் தடுக்கச் சட்டம் செய்தனர். சிறிது காலத்திலேயே அதனைக் கைவிட்டனர். 1991இலும் மரக்கூரைகள் எரிந்தன. சாம்பலின் சூடு ஆறியதும் நினைவும் ஆறிவிடுகிறது போலும்.

இன்று கலிபோர்னியாச் சட்டம், தீ அபாயமுள்ள இடங்களில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த செடிகொடிகளைக் களையச் சொல்கிறது. 2020இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, சுவரையொட்டிய 5 அடியில் எரியக்கூடிய எதுவும் இருத்தலாகாது என்னும் நோக்கில் அதனைத் தனி வட்டமாக வகுத்தது. சுவரோரப் பூஞ்செடியை இழக்க மனமில்லாமல் இதை எதிர்ப்போரும் உளர். அவர்தம் வருத்தம் நமக்கு விளங்குகிறது. ஆனால் நெருங்கிய மனைகளில் ஒருவரது 100 அடிக்குள் அண்டை வீட்டாரின் முற்றமும் அடங்கிவிடுகிறதே! ஒருவர் தம் கூரையைத் துப்புரவு செய்து, அடுத்தவர் சருகைக் குவித்து வைத்தால் பயன் என்ன? அண்டை வீட்டாரின் உரிமை பற்றிச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

பூங்கா அமைப்பினரும் தம் எல்லையில் மரங்களைக் கலைத்து இடைவெளி உண்டாக்குகின்றனர். சரிவான இடங்களில் ஆட்டு மந்தைகளை விட்டு மேய்க்கின்றனர். எந்திரம் ஏற அஞ்சும் சரிவிலும் ஆடு தயங்காது. ஆனால் அடுத்த மழைக்குப் புல் மீண்டும் முளைக்கும், மந்தையும் மீண்டும் வர வேண்டும்.