வீட்டோர மரம்: கழிப்பதா, எடுப்பதா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெரிய மரம் என்றாலே ஆபத்து என்று பலர் நினைப்பது அதனால்தான். ஆனால் உயரத்தைவிட அடிமரத்தைப் பாருங்கள்.

வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, சுமார் இரண்டடி ஆழத்துக்குள், கிளைப்பரப்பையும் தாண்டிப் படர்ந்திருக்கும். குழாய் பதிக்க ஒரு பக்கம் பள்ளம் தோண்டி வேரை அறுத்தால் மரத்தின் பிடிமானமே தளர்ந்துவிடும். மரம் புதிதாகச் சாய்ந்து, எதிர்ப்புறம் மண் வெடித்து மேலெழும்பினால் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். அடியில் காளான் முளைத்தால் உள்ளே உளுத்திருக்க வாய்ப்பு அதிகம். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மற்ற மரங்களுக்குக் கிளைகளைக் கழித்தாலே போதும். ஆனால் உச்சியை மொட்டையடிப்பது பெருங்கொடுமை. மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளேயே அடைத்துவிட்டு, மேலே புதுக்கட்டை வளர்த்து மூடுகிறது. பெரிய வெட்டை மூட முடியாமல் கட்டை உளுத்துப்போகும். அங்கே கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு ஆழமான பிடிப்பு கிடையாது. பருத்தபின் காற்றில் எளிதில் பிய்ந்துவிடும்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையமாக ஒரு புடைப்பு தெரியும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அதைத் தொடாமல், சற்று வெளியே அறுக்கச் சொல்லுங்கள். கனமான கிளையென்றால் முதல் வெட்டு அடிப்பக்கம் விழட்டும். இல்லாவிட்டால் கிளை முறியும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.